மைதானத்துக்காக மூடிய மதகு

அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மதகடியில் நின்றவர்கள் நான்கு பேர். நான் ஒருவன். ரோலர் ஓட்டும் அந்தோணி இரண்டாவது. மைதானத்தின் செகரட்டரி, வாக்கிங் போகிற கான்வாஸ் ஷூவோடு, மூன்றாவது. வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் பழனிவேல், மதகைச் சுற்றும் இரும்புக் கைப்பிடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நான்காவது. வேறு யாரும் இல்லை. எதிர்க்கரையில் ஒரு எருமை தண்ணீரில் கிடந்தது. அதை ஓட்டிவந்தவர் கண்ணில் படவில்லை.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்தாவதாக ஒருவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் பெயர் செல்வராணி. அதே வாய்க்காலில் ஒன்றரை கிலோமீட்டர் கீழே, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடத்தில், கால் ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தார். கொடி நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நட்ட கொடி வேர் பிடிக்கிறவரை காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் வாடும், இரண்டு நாள் தவறினால் போய்விடும். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து அன்று காலை அந்தத் தண்ணீரை நிறுத்தினோம்.

மைதான வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் புல் வெட்டுவதையும் பிட்ச் போடுவதையும் அந்தோணியிடமே கற்றுக்கொள்ளலாம். என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பத்து நான்கு வருடம் இந்த மைதானத்தில் இருந்ததில் எனக்கு வந்த படிப்பு எல்லாம் தப்பு பண்ணி வந்த படிப்பு. அதில் பெரிய தப்பு இது.

நம் மைதானத்தின் கிடப்பு உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரியிலிருந்து பிரிகிற வாய்க்காலை ஒட்டிப் போட்டது. தெற்கே மருத மரங்கள், வடக்கே வாய்க்கால், அதற்கும் அந்தப் பக்கம் வாழைத்தோப்பு. பெவிலியன் படியில் உட்கார்ந்தால் கிழக்கே ராஜகோபுரம் தெரியும், திரும்பினால் மலைக்கோட்டை. வெளியூரிலிருந்து ஆட வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் பார்க்காதது ஒன்று உண்டு. இந்த மைதானத்துக்கு அடியில் வாய்க்கால் இருக்கிறது. மேட்டூர் திறந்து, தண்ணீர் இங்கே வந்து, வாய்க்கால் கரை மட்டத்துக்கு ஓட ஆரம்பித்த நாலாம் நாள், பிட்சின் வடக்கு முனையில் ஈரம் ஏறும். மேலே பார்த்தால் தெரியாது. மேலே காய்ந்து வெடித்துக்கூட இருக்கும். அடியில் அல்வா மாதிரி இருக்கும்.

அதற்கு அடையாளம் மைனா. வடக்கு முனையில் மண்புழு மேலே ஏறிச் சின்னச் சின்னக் குவியலாக மண் தள்ளும். அதைத் தின்ன மைனா வரும். மைனா பிட்சில் நடந்தால் பந்து அன்று ஒழுங்காக எழும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஈரம் பார்க்க மிஷின் வந்திருக்கிறது. நல்லதுதான். மைனாவையும் பாருங்கள்.

ஆடி மாதத்தில் நடக்கிற கிரிக்கெட் கோப்பைப் போட்டி மைதானத்தைப் போலவே பழையது. முந்தின வருடம் இறுதி ஆட்டத்தில் ஒரு பந்து முழங்காலுக்கு வந்தது, அதே இடத்தில் விழுந்த அடுத்த பந்து முகத்துக்கு வந்தது. ஒரு பையனுக்குத் தாடையில் தையல். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். இந்த வருடமும் அப்படி ஆனால் கோப்பை வேறு ஊருக்குப் போய்விடும் என்று செகரட்டரியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் என்னிடம் சொன்னார். எனக்குச் சொல்லாமலே தூக்கம் வராது. சொன்ன பிறகு கேட்கவேண்டாம். ஷெட் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பிட்சில் ஆறு மைனா நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம்.

மதகை மூடலாம் என்று சொன்னது நான்தான். இதில் யார் மேலும் பழி போட மாட்டேன். வாய்க்கால் நம் மைதானத்துக்கு மேற்கே ஒரு மதகில் பிரிகிறது. அதை இறக்கிவிட்டால் மைதானத்தை ஒட்டி ஓடும் தண்ணீர் வற்றும், ஈரம் இறங்கும். சனிக்கிழமை மாலை திறந்துவிடலாம். செகரட்டரி பழனிவேலுக்குப் போன் போட்டார். புதன்கிழமை காலை எல்லோரும் மதகடிக்கு வந்தோம்.

"கீழ யாருக்கும் தண்ணி வேணாமாப்பா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"கீழ பூரா வாழைண்ணே," என்றார் பழனிவேல். "நாலு நாள் தாங்கும். நாத்தங்கால் போட்டவன்லாம் மோட்டார் வெச்சிருக்கான். மூணு நாள்தானே, யாரு கேக்கப்போறா?"

"நேர்ல போயிப் பாத்தியா?" என்றார் அந்தோணி.

"பத்து வருசமா இதே வாய்க்கால்ல நடக்கறேன், போயிப் பாக்கணுமா? நீங்க ரோலர் ஓட்டறதுக்கு முன்னாடி தெனமும் புல்லு இருக்கான்னு எண்ணிப் பாக்கறீங்களா?"

செகரட்டரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பழனிவேல் கைப்பிடியைப் பொருத்திச் சுற்றினார். பதினெட்டுச் சுற்று. மதகு இறங்கியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கவலைப்படுகிறவன் எல்லாவற்றையும் யோசிப்பான், அதனால் அவன் கையில் வேலை கெடாது என்று பொதுவாக நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மழை வருமா என்று யோசித்தேன். ரோலர் பெல்ட் அறுமா, தார்ப்பாயை எலி கடிக்குமா, அம்பயர் காலையிலேயே வந்து மண்ணைக் குத்திப் பார்ப்பாரா, எல்லாம் யோசித்தேன். வாய்க்கால் கரையில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பார்க்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அது என் யோசனையில் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஆபத்துகளை மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பிட்ச் இறுகியது. மைனா இரண்டாகக் குறைந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்றும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுத வேண்டும். அன்று காலை இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பதினோரு மணிக்கு வாய்க்காலுக்குள்ளேயே நடந்து ஒரு பெண் வந்தார். கரை மேல் வரவில்லை. வற்றின தரையில், சேறு காய்ந்து ஓடு ஓடாக எழும்பியிருந்ததை மிதித்துக்கொண்டு, தண்ணீர் எங்கே நின்றது என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் ஒரு முழ நீளக் கொடித்துண்டு. மைதானத்துக்குள் வந்து, கயிறு கட்டியிருந்த பிட்சைச் சுற்றிக்கொண்டு, என் முன்னால் நின்றார்.

"இங்க யாருண்ணே பெரியவரு?"

"சொல்லும்மா. நான்தான் பாத்துக்கறேன்."

கொடியை நீட்டினார். கணுவில் இருந்த இரண்டு இலையும் தொங்கின. "தொட்டுப் பாருங்க."

தொட்டேன். துணி மாதிரி இருந்தது.

"பத்து நாளாச்சு நட்டு. புதன்கெழம காலையில தெளிச்சேன். சாயங்காலம் வாய்க்கால்ல முட்டிக்குக் கீழ எறங்கிடுச்சு. நேத்து வாய்க்கால் குழியில கெடந்தத வழிச்சு ஊத்தினேன். இன்னைக்குக் குழியில தவளைதான் கெடக்கு. மேல ஏதோ ஒடப்புன்னு நெனச்சு வரேன். மதகு எறக்கியிருக்கு. மதகுகிட்ட மாடு மேய்க்கறவர கேட்டா, கிரிக்கெட்டு மேச்சுன்றாரு."

அவர் கயிறு கட்டியிருந்த பிட்சைத் திரும்பிப் பார்த்தார்.

"மேச்சுன்னா தண்ணிய மூடுவீங்களாண்ணே? வெயில் அடிச்சா சூரியனுக்கும் மதகு இருக்கா ஒங்ககிட்ட?"

அந்தோணி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மீதியைக் கொடியின் அடியில் ஊற்றினார். வேரே இல்லாத துண்டு அது. கைப்பழக்கம்.

"எத்தன பாத்திம்மா?" என்று அந்தோணி கேட்டார்.

"பன்னெண்டு. நகைய வெச்சு நட்டது. ரெண்டு பாத்தி போயிடுச்சு, அது எந்திரிக்காது. மிச்சம் பத்து இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். நாளைக்குத் தாங்காது. தண்ணிய விடுங்க, நான் போயிடறேன். ஒங்களோட சண்ட போட எனக்கு நேரம் இல்ல."

இதுதான் நெருக்கடி. பெரிய சத்தம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் ஒரு கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

செகரட்டரிக்குப் போன் போட்டேன். "நாளைக்குச் சாயங்காலம்தானே திறக்கறோம்? ஒரு நாள்தானே? நீங்க பயந்தவராச்சே ராஜு, நீங்களா ரிஸ்க் எடுக்கச் சொல்றீங்க?" என்றார். நான், "சார், திறந்துடறேன்," என்றேன். என் வேலைக்காலத்தில் அவரிடம் கேட்காமல் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். நாலாம் நாள்தான் ஈரம் ஏறும் என்பது பழக்கம். ஆனால் ஏற்கெனவே நனைந்து கிடக்கிற மண்ணில் இரண்டே நாளில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

பழனிவேலுக்குப் போட்டால் அவர் முக்கொம்புப் பக்கம் வேறு வேலையில் இருந்தார். கைப்பிடி அவர் வண்டியில். "அஞ்சு மணிக்கு மேலதாண்ணே வர முடியும்," என்றார். நான் கொடிக்கால் என்று சொன்னேன். "அங்க கொடிக்கால் கெடையாதேண்ணே," என்றார். பிறகு, "போன வருசம் கெடையாது," என்றார்.

ஐந்து மணிக்குத் திறந்தால் தண்ணீர் கடைசிவரை போக இரண்டு மணிநேரம். அதுவரை வெயிலும் ஆடிக்காற்றும். நம் மைதானத்துப் போர்க்குழாய்த் தண்ணீர் இருந்தது. அந்தோணி மறுபேச்சு இல்லாமல் டிவிஎஸ் வண்டியில் இரண்டு கேன் கட்டி, கரை மேலே நடைக்கு நடை கொண்டுபோக ஆரம்பித்தார். அது சரியான வேலை. நான் அவர்கூடச் சேர்ந்து இன்னொரு வண்டியில் கேன் கட்டியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

எனக்கு அது போதவில்லை. இரண்டு கேன் தண்ணீர் பார்க்கச் சின்னதாக இருந்தது. செய்த தப்புக்குச் சமமாகப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. ஷெட்டில் புது சைட்ஸ்கிரீன் துணி இருந்தது. பந்து போடுகிறவரின் கைக்குப் பின்னால் நிறுத்துகிற வெள்ளைத் திரை. இறுதி ஆட்டத்துக்கென்று வாங்கியது, மடிப்புக்கூடக் கலையவில்லை. நாற்பது அடி நீளம். அதைப் பாத்தி மேல் கட்டினால் நிழல் கிடைக்கும் என்று தோன்றியது.

துணியை வண்டியில் ஏற்றும்போது அந்தோணி காலி கேனோடு திரும்பி வந்தார்.

"கண்ணு வெட்டாமயா கொண்டு போறீங்க?"

நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் திரைகளில் அரைவட்டமாக வெட்டி வெட்டி விட்டிருப்போம். ஆடிக்காற்று அதன் வழியே போய்விடும். வெட்டாத துணி பாய்மரம்தான்.

"புதுத் துணிப்பா. செகரட்டரி கையெழுத்துப் போட்டு வாங்கினது. ஞாயித்துக்கெழம அவரு முன்னாடி வெட்டணும்."

"அப்ப பழச எடுத்துக்குங்க."

"பழசு ஓட்டையா இருக்கு, நிழல் விழாது."

"அண்ணே, ஓட்டையாத்தான் இருக்கணும்," என்றார் அந்தோணி. நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

செல்வராணியின் கொடிக்காலை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். சுற்றிலும் வாழை. நடுவில் இடுப்பு உயர அகத்திக் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு அகத்தியின் காலடியிலும் இரண்டு கொடி. கொடி வளர்ந்தால் அகத்தியில்தான் ஏற வேண்டும். மேற்கு ஓரத்தில் இரண்டு பாத்தி பழுத்துக் கிடந்தது. மற்றவை தலை தொங்கி இருந்தன. அந்தோணி கொண்டுவந்த தண்ணீரை அவர் ஒரு சொம்பால் கொடிக்கு ஒரு கை அளவு தெளித்துக்கொண்டிருந்தார். துணியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னண்ணே இது, பந்தலா? யாருக்குக் கல்யாணம்?"

"நிழலுக்கும்மா. கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்."

"அந்தா வாழச்சருகு கெடக்கு. ரெண்டு தென்னங்கீத்து வெட்டிப் போட்டா போதும். காத்துக்குத் துணி நிக்காதுண்ணே. தண்ணி கொண்டாங்க, அது போதும்."

அவர் அந்த நிலத்தில் தினமும் நிற்கிறவர். காற்று எந்த மணிக்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்தவர். இரண்டு முறை "போதும்" என்று சொன்னார். நான் கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை. கயிற்றை எடுத்து, துணியின் மூலைகளையும் நடுவையும் அகத்திக் கன்றுகளிலேயே கட்டினேன். கம்பு நடக்கூட நேரம் இல்லை என்று நினைத்தேன். மூன்று பாத்திக்கு நல்ல வெள்ளை நிழல் விழுந்தது. அவர் அடுத்த பாத்திக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். சங்கடப்படுகிற மனுஷனிடம் அதற்குமேல் பேச அவருக்கு நேரம் இல்லை.

மூன்று மணிக்குக் காற்று எழும்பியது. முதலில் வாழை இலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. துணி ஒருமுறை உப்பி இறங்கியது. இன்னொருமுறை உப்பியது. நான் ஓடி ஒரு மூலையைப் பிடித்தேன். மூன்றாவது தடவை துணி மேலே போனது, அதோடு அகத்தியும் போனது. வேரோடு. அகத்தியின் காலடியில் இருந்த கொடிகளும் மண்ணோடு பெயர்ந்தன. ஒரு வரிசை போனதும் அடுத்த வரிசை இழுபட்டது. துணி நீளவாக்கில் கிழிந்தபோதுதான் நின்றது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருக்கும்.

செல்வராணி கத்தவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"கயித்த அவுத்துடுங்கண்ணே," என்றார். "அவுத்துட்டு அந்தாண்ட போயி நில்லுங்க. ஒண்ணும் செய்யாதீங்க."

பிறகு மண்டியிட்டு, பெயர்ந்த கொடிகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்து மண்ணை அழுத்தினார். பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். அந்தோணி அடுத்த நடை கேனோடு வந்து, வண்டியை நிறுத்தி, கிழிந்த துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேனை இறக்கிச் செல்வராணி கையில் கொடுத்தார். நான் செல்வராணி சொன்னபடி அந்தாண்டைப் போய், சொன்னதற்கு மேலே தென்னங்கீற்று வெட்டினேன். அதையாவது அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வெட்டினேன்.

ஐந்தரைக்கு மதகு திறந்தது. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும், பிறகு தண்ணீர். பழனிவேல் அதோடு கூடவே கரையில் நடந்து வந்திருந்தார். கொடிக்காலைப் பார்த்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நன்றாக நடந்தது. பந்து ஒரே மாதிரி எழும்பியது. கிழிந்த துணிக்குப் பதில் பழைய ஓட்டைத் துணியைக் கட்டியிருந்தோம். ஒரு பேட்ஸ்மேன் மட்டும் குறை சொன்னார், அவரும் முதல் பந்தில் அவுட் ஆனவர். கோப்பை நம் மைதானத்திலேயே தங்கியது. மைனா அடுத்த புதன்கிழமைதான் வந்தது. வெள்ளிக்கிழமை திறந்ததால் ஆட்டத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. வியாழக்கிழமை திறந்திருந்தாலும் கெடுதல் இல்லை என்று அந்தோணி சொல்கிறார். நான் அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பத்து நாள் கழித்து கொடிக்காலுக்குப் போனேன். போகாமல் இருக்க நாலு நாள் காரணம் தேடிவிட்டுத்தான் போனேன். ஏழு பாத்தி பச்சை பிடித்திருந்தது. புதுத் தளிர் விட்டிருந்தது. ஐந்து பாத்தி வெறும் மண். செல்வராணி வரப்பில் உட்காரச் சொன்னார்.

"ஒங்களுக்கு முன்னாடி அங்க ஒருத்தரு இருந்தாராமே," என்றார். "எங்க மாமனார் சொல்லுவாரு. மேச்சுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே வருவாராம். வாய்க்காலோரமா கடைசி வரைக்கும் நடந்து, யாரு என்ன நட்டிருக்கா, எந்த நாள்ல எத்தன மணிநேரம் மூடினா தாங்கும்னு கேட்டுட்டுப் போவாராம். எங்க மாமனாரும் இன்ன நாள் மூடிக்கங்கன்னு சொல்லுவாராம். நீங்க ஏண்ணே வரல?"

எனக்கு முன் தலைமை வேலைக்காரராக இருந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனியில் தண்ணீர் வந்ததும் மஞ்சள் பையோடு கரையில் கிழக்கே போவார். மதியம் தாண்டி, வாயில் வெற்றிலையோடு திரும்புவார். வேலை நேரத்தில் வெற்றிலை வாங்கப் போகிறார் பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் விளக்கம் சொல்கிற ஆள் இல்லை. நானும் ஒரு நாளும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் அவர் பக்கத்தில் வேலை பார்த்து, அவர் ரோலரை எப்படித் திருப்புகிறார் என்பதை மட்டும் படித்துக்கொண்டேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். மைதானம் கயிறு கட்டியிருக்கிற இடத்தில் முடியவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நீங்கள் ஒன்றைச் செய்தால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் வயலில் அது தெரியும். மூடுவதற்கு முன்னால் நடந்துபோய்க் கேளுங்கள். தப்பு நடந்துவிட்டால், பெரிதாகச் செய்வதை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர் என்ன கேட்கிறாரோ அதை மட்டும் செய்யுங்கள். அவர் கீற்று கேட்டால் கீற்று. ஒதுங்கி நில் என்றால் ஒதுங்கி நிற்பது.

நஷ்டத்தை நான் கேட்டேன். செல்வராணி விரலில் கணக்குப் போட்டார். ஐந்து பாத்தியையும் தையில் மறுபடி நட வேண்டும். அதுவரை கிள்ளுகிற வெற்றிலை போச்சு. பாத்திக்கு மூவாயிரத்து எழுநூறு என்றார். பேரம் பேசவில்லை, நானும் குறைக்கச் சொல்லவில்லை.

செகரட்டரியிடம் போய்ச் சொன்னேன். "பாவம்தான்," என்றார். "ஆனா எந்தத் தலைப்புல எழுதறது ராஜு? புல், மண், உரம், பெயிண்ட். வெத்தலைன்னு எழுதினா ஆடிட்டர் பாக்கு எங்கேம்பாரு." பிறகு தன் பர்ஸை எடுத்து ஆயிரம் ரூபாய் நீட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வராணி வாங்கவில்லை.

"இது தர்மம்ணே. நான் கேட்டது அது இல்ல."

அவர் பிரித்துச் சொன்னார். மூன்று பாத்தி துணியால் போனது. துணி கட்டியது நான். அது என் தப்பு, என் காசு. அதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மாதம் ஐந்நூறாக அதைக் கட்டி முடித்தேன். அந்தோணி பாதி தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. மீதி இரண்டு பாத்தி தண்ணீர் இல்லாமல் போனது. அது மைதானத்துக்காக மூடியது. அதை மைதானம்தான் தர வேண்டும் என்றார்.

வேலையை விட்டு வந்தபோது எனக்குக் கொஞ்சம் பணம் கையில் வந்தது. நேராக அவரிடம்தான் போனேன். கொடிக்கால் மறைவாக, ஆள் நின்றால் தெரியாத உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவர் உள்ளே இருந்து வெளியே வந்தார். இடுப்பில் கிள்ளின வெற்றிலை. அந்த இரண்டு பாத்திக்கான ரூபாயை எண்ணி நீட்டினேன்.

"இது யாரு காசுண்ணே?"

"என்னதும்மா. வாங்கிக்க. எனக்குப் பாரமா இருக்கு."

"ஒங்க பாரம் அப்பவே எறங்கிடுச்சு. இத வெச்சு ஒடம்பப் பாத்துக்கங்க." கையைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க ஆபீஸ் நோட்டுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. வாய்க்கால மூடினதால செல்வராணி கொடிக்காலுக்கு நஷ்டம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, மைதானத்துக் காசா வரட்டும். அப்பறம் எவனாச்சும் மதகுல கை வெச்சா, அந்த நோட்டப் புரட்டிப் பாப்பான்ல."

மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இருக்கும் என்று அந்தோணியின் மகளிடம் காட்டித் திருத்திக் கொடுத்தேன். செகரட்டரி மாறி இப்போது வேறு ஒருவர் வந்திருக்கிறார், மூன்றாவது மனு அவர் மேஜையில் இருக்கிறது. நான் வெளி ஆள் ஆகிவிட்டேன். நீங்கள் மைதானத்து ஆட்கள். செல்வராணிக்கு இரண்டு பாத்திக்கு, இன்னும் தர வேண்டியது ஏழாயிரத்து நானூறு ரூபாய்.